வாயில் எல்லாம் வருகிறது, தாளில் வரவில்லை: மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எதைப் பார்க்க வேண்டும்?

#1 செம்பருத்தி

எல்லோருக்கும் வணக்கம். மகன் மூன்றாம் வகுப்பு, தமிழ்வழி, அரசு உதவி பெறும் பள்ளி. பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாட்டி சொன்ன கதையை ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வான். பாடத்தை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வரும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் தண்ணீர் தாகம், வயிற்று வலி எல்லாம் வந்துவிடும்.

சொல்வதெழுதுதல் நோட்டைப் பார்த்தேன். பட்டாம்பூச்சி "படாபுசி" ஆகியிருக்கிறது. தொட்டி "தெட்டி", கொக்கு "கெகு". வண்டி என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் "வடி", இன்னோரிடத்தில் "வணிட".

டீச்சர் சோம்பல் என்கிறார், தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கச் சொல்கிறார். மாமியார், "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், தானாச் சரியாயிடும்" என்கிறார். எதிர்வீட்டு அக்கா டிஸ்லெக்சியாவாக (வாசிப்பதில், எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். எழுத்துப்பிழை எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே? எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

#2 வைகைக்கரையான்

முதலில் கண், காது இரண்டையும் பார்த்துவிடுங்கள். பள்ளி முகாமில் தூரத்தில் நின்று எழுத்தைப் படிக்கச் சொல்வதோடு விட்டுவிடாமல் கண் டாக்டரிடமே காட்டுங்கள். காதில் அடிக்கடி சீழ் வந்ததுண்டா? சின்ன வயதில் காது அடைத்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு ட, த, ப ஒலி எல்லாம் குழம்பும். இதை முடித்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

#3 சிலேட்டுப்பலகை

கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் செம்பருத்தி. நேரில் பார்க்காமல் "இதுதான்" என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த உதாரணங்களில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், எதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ல, ள, ழ குழப்பம், ண, ன குழப்பம், ர, ற குழப்பம். பேச்சில் இந்த வேறுபாடு தேய்ந்துபோன ஊர்களில் பி.ஏ. படித்தவரே "பள்ளி"யா "பல்லி"யா என்று யோசிப்பார். மூன்றாம் வகுப்பில் அதை ஒரு அறிகுறியாக எண்ண வேண்டாம். எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவதும் அப்படித்தான். ஆங்கில b, d மாறுவது ஏழு வயது வரைக்கும் பல குழந்தைகளிடம் உண்டு. சினிமாவில் காட்டுவதுபோல எழுத்துகள் பக்கத்தில் நடனமாடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை. ஒரு சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கையாளுவதில்தான் சிக்கல்.

அதனால்தான் "படாபுசி" என் கண்ணில் படுகிறது. அங்கே போனவை எல்லாம் புள்ளி வைத்த எழுத்துகள்: ட், ம், ச். கூடவே பூ குறிலாகிவிட்டது. கெகுவில் ஒரு க் போய்விட்டது. புள்ளி எழுத்தை விழுங்குவதும் குறில் நெடில் மாறுவதும் தமிழில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. "தெட்டி" இன்னொரு வகை. தொ என்று எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் போட வேண்டும். காதில் விழுவது த-வுக்குப் பிறகு ஒ, கை எழுத வேண்டியதோ கொம்பை முதலில். பாதியில் விட்டால் தெ ஆகிவிடும். இதெல்லாம் இரண்டாம் வகுப்பில் எல்லோரும் செய்வதுதான். உயிர்மெய் மட்டுமே 216 இருக்கும் மொழியில் முழு எழுத்தும் கைவர நான்காம் வகுப்புகூட ஆகலாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வண்டி. தெரியாத பிள்ளை ஒரே தப்பைத் திரும்பச் செய்யும். ஒரே பக்கத்தில் ஒரு சொல் மூன்று விதமாக வந்தால், அந்தச் சொல் இன்னும் மனதில் ஒரு உருவமாகத் தங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறான் என்று அர்த்தம். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். சோம்பேறி இவ்வளவு உழைக்க மாட்டான்.

வீட்டில் விளையாட்டாகச் சிலவற்றைப் பாருங்கள். பரீட்சை மாதிரி வேண்டாம்.

"தக்காளியில் த-வை எடுத்துவிட்டால் மீதி என்ன?" என்று கேளுங்கள். "கா என்று தொடங்கும் சாமான் நாலு சொல்லு." சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு. எட்டு வயதில் இவை ஓரளவு ஓடியாக வேண்டும்.

அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்: "மிடுபா", "தகேனு", "பொல்டிகா". பாடப்புத்தகத்தைப் பலர் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள், படத்தைப் பார்த்து ஊகிப்பார்கள். பொய்ச்சொல்லில் அந்த வித்தை பலிக்காது.

மேசைமேல் பேனா, சாவி, கரண்டி என்று தெரிந்த பொருள்களை மாற்றி மாற்றி வரிசையாக வைத்து வேகமாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்த பெயரே தொண்டையில் நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்குகிறானா, ஒரு முழுச்சொல்லை மனதில் பிடித்து எழுதுகிறானா என்று டீச்சரிடம் கேளுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஏறுமாறானது, அதனால் தப்பு உடனே வெளியே தெரியும். தமிழ் அந்த அளவுக்கு ஏமாற்றாது. ஆகவே பிள்ளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்துவிடும், ஆனால் வகுப்பே பக்கத்தைத் திருப்பியிருக்கும்போது இவன் மூன்றாவது வரியில் இருப்பான். "தப்பில்லாமல்தானே படிக்கிறான்" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

உங்கள் மாமியார் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். இது குடும்பத்தில் வரும் விஷயம். தாய் தகப்பன் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 30 முதல் 50 வரை என்று சொல்கிறார்கள். "தானாச் சரியாயிடும்" என்ற பாதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

#4 ஓய்வுபெற்றவன்

முப்பத்தைந்து ஆண்டு பாடம் எடுத்தவன் நான். எங்கள் காலத்தில் இந்தப் பெயரெல்லாம் கிடையாது. படிக்கிறவன் படித்தான், மற்றவன் வேலைக்குப் போனான். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கிலப் பெயர் வைத்து, பெற்றோரைப் பயமுறுத்தி, மையம் திறந்து காசு பார்க்கிறார்கள். கொரோனாவில் இரண்டு வருஷம் பள்ளியே இல்லாமல் போன பிள்ளைகளுக்கெல்லாம் நோய் என்று முத்திரை குத்தினால் எப்படி?

#5 கரிசல்காட்டான்

ஐயா, "மற்றவன் வேலைக்குப் போனான்" என்கிறீர்களே, அந்த மற்றவர்களில் எத்தனை பேர் இவர்கள் என்று யார் எண்ணினோம்? பெஞ்சு மேல் நின்றவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

பெயர் புதிது என்பதும் சரியில்லை. டிஸ்லெக்சியா என்ற பெயரை ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1887-லேயே வைத்துவிட்டார். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். சூட்டிகையான பையன், விளையாட்டில் கெட்டி, கணக்கும் வரும். தன் பெயரையே எழுத்து மாற்றி "பிரெசி" என்று எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவன் வாத்தியார் சொன்னதாக அந்தக் கட்டுரையில் இருக்கிறது. செம்பருத்தி எழுதியதை மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

#6 சிலேட்டுப்பலகை

ஓய்வுபெற்றவன் ஐயா கடைசியில் கேட்டது நல்ல கேள்வி. பள்ளி விட்டுப்போனது, வீட்டில் பேசாத மொழியில் படிப்பது, அடிக்கடி பள்ளி மாறுவது, இவற்றால் வரும் பின்னடைவு வேறு. அதைப் பிரிக்க ஒரு வழி உண்டு. நன்றாகச் சொல்லிக்கொடுங்கள், சின்னக் குழுவில், தினமும், சில மாதம். இடைவெளியால் பின்தங்கிய பிள்ளை மளமளவென்று மேலே வந்துவிடும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபிறகு இதை வகுப்பிலேயே பார்க்க முடிகிறது. கூடப் படித்த பத்துப் பேர் ஏறிவிட்டார்கள், அதே பாடம் அதே டீச்சர், ஒருவன் மட்டும் அதே இடத்தில் நிற்கிறான் என்றால் அவனைத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

பெயர் வைப்பதில் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே மணி நேரத்தில் டிஸ்லெக்சியா என்று சொல்லி, அங்கேயே வருடச்சந்தா கட்டச் சொல்லும் இடங்களை விட்டு விலகிவிடுங்கள்.

#7 கணக்குப்பிணக்கு

வாசிப்பைப் பற்றியே பேசுகிறோம். கணக்கில் வருவதும் உண்டு, டிஸ்கால்குலியா என்பார்கள். இதை யாரும் கண்டுகொள்வதில்லை. "கணக்கு எனக்கும் வராது" என்று சொல்வது நம்மூரில் ஒரு பெருமைபோல ஆகிவிட்டதல்லவா.

என் அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு. தமிழ், ஆங்கிலம் இரண்டும் சரளமாக வாசிப்பாள். தாயக்கட்டையில் நாலு புள்ளி விழுந்தால் பார்த்தவுடன் நாலு என்று சொல்ல மாட்டாள், ஒன்று இரண்டு என்று எண்ணுவாள். 8-உம் 5-உம் கூட்டச் சொன்னால் எட்டிலிருந்து மேலே போகாமல் ஒன்றிலிருந்து தொடங்குவாள். நூற்று ஐந்து என்றால் 1005 என்று எழுதுவாள். 98 பெரிதா 102 பெரிதா என்றால் 98, ஏனென்றால் ஒன்பதும் எட்டும் பெரிய எண்களாம். வாய்ப்பாடு காலையில் ஒப்பித்தது மாலையில் இருக்காது. கடையில் மிச்சம் எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாது, முள் கடிகாரம் பார்க்க வராது. வழிக்கணக்கை வாசித்து என்ன செய்ய வேண்டும் என்று அழகாகச் சொல்வாள், "கூட்டிட்டு அப்புறம் கழிக்கணும்" என்று. செய்யச் சொன்னால் அவ்வளவுதான்.

கணக்குப் பயத்தையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது. பயந்த பிள்ளை பரீட்சையில் தப்புச் செய்யும், பல்லாங்குழி ஆடும்போது சரியாக எண்ணும். இவளுக்குப் பல்லாங்குழியிலும் திணறல்தான்.

#8 கரிசல்காட்டான்

கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தம்பி மகன் வாசிப்பான், எழுத்துக்கூட்டலும் வாயால் கேட்டால் சரி. எழுதினால் கோழி கிளறிய மாதிரி. சொற்களுக்கு நடுவே இடம் விட மாட்டான், பென்சில் முனை தினமும் உடையும், பத்து வரியில் கை வலிக்கிறது என்பான். டிஸ்கிராபியா என்றார்கள். கூடவே சட்டைப் பொத்தான், ஷூ கயிறு, பந்து பிடிப்பது எல்லாமே தடுமாற்றமாக இருந்தால் அது டிஸ்பிராக்சியாவாக இருக்கலாம் என்று தனியாகப் பார்த்தார்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதும் சகஜமாம். கவனக்குறைவுப் பிரச்சினையும் பல பிள்ளைகளுக்குக் கூடவே இருக்கும்.

#9 லேத்துக்காரன்

இங்கே குழந்தைகளைப் பற்றித்தான் பேச்சு. பெரியவர்கள் கேட்கலாமா?

வயது 34. கோவையில் பட்டறை வேலை. ஒரு வரைபடத்தைப் பார்த்தால் பொருள் முழுசாக மனதில் வந்துவிடும், அளவு தப்பாது. ஆனால் சரக்கு வந்த ரெஜிஸ்டரை நிரப்பச் சொன்னால் வியர்க்கும். வாட்ஸப்பில் நீளமாக யாராவது அனுப்பினால் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்பேன், பதில் குரலாக அனுப்புவேன். பேங்கில் படிவத்தை அங்கே நிரப்பியதே இல்லை, கண்ணாடி மறந்துவிட்டேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. போன் நம்பர் யாராவது சொல்லச் சொல்ல எழுதினால் நடுவில் இரண்டு எண் இடம் மாறும். இடது வலது என்றால் ஒரு நொடி யோசிப்பேன். சூப்பர்வைசர் பதவி தருகிறேன் என்றார்கள், தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்குக் காரணம் தெரியாது.

பத்தாவதில் இரண்டு தடவை போனது. இது அதுதானா? இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

#10 சிலேட்டுப்பலகை

லேத்துக்காரன் தம்பி, நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் பெரியவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விப்பட்டியலிலேயே இருக்கிறது. பெரியவர்களிடம் தப்புகள் அதிகம் தெரியாது, ஒளித்துவைக்கும் சாமர்த்தியம்தான் தெரியும். உங்கள் கண்ணாடிக் கதை அப்படிப்பட்டது. கூட்டத்தில் வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பார்கள், ஹோட்டலில் மெனுவைத் திறக்காமல் "நீங்க சொல்றதே எனக்கும்" என்பார்கள். வாசித்தாலும் ஒரே பத்தியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும், மாலையில் அப்படி ஒரு அசதி.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது சின்ன வயதிலிருந்தே இருந்ததா? நடு வயதில் திடீரென்று வாசிக்க முடியாமல் போனால் அது வேறு விஷயம், உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை என்று தெரிகிறது.

தெரிந்து என்ன ஆகும் என்றால், முதலில் அந்த சூப்பர்வைசர் வேலை. ரிப்போர்ட்டைக் குரலில் சொல்லி எழுத்தாக மாற்றுவது இப்போது தமிழிலேயே நடக்கிறது. தினமும் ஒரே மாதிரி ரிப்போர்ட் என்றால் கட்டம் போட்ட தாளில் டிக் அடிக்கும்படி மாற்றித் தரச் சொல்லலாம். முதலாளியிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம், "எழுத்து வேலை மெதுவாக வரும், குரலில் தரட்டுமா" என்ற அளவே போதும்.

சட்டப்படியும் இடம் உண்டு. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்குப் பெயரே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் சேர்ந்தது, டிஸ்லெக்சியா, டிஸ்கால்குலியா எல்லாம் இதில்தான் வரும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றால் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் வழி இருக்கிறது. மதிப்பீட்டை, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் செய்துகொள்ளுங்கள்.

#11 லேத்துக்காரன்

அந்தக் கட்டம் போட்ட தாள் யோசனை நன்றாக இருக்கிறது அக்கா. நானே வரைந்துவிடுவேன்.

#12 வெற்றிப்பாதை

எங்கள் ஊரில் நடுமூளைத் தூண்டல் வகுப்பு நடக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டே பிள்ளைகள் வாசிக்கிறார்கள். கூடவே கலர் கண்ணாடி தருகிறார்கள், அதைப் போட்டால் எழுத்து அசையாது. மூன்றே மாதத்தில் பலன். விவரம் தனிச்செய்தியில்.

#13 வைகைக்கரையான்

கண்ணைக் கட்டினாலும் மூக்குக்குப் பக்கத்தில் இடுக்கு இருக்கும் சார். அந்தத் துணியை ஒழுங்காகக் கட்ட விடுங்கள், யார் வாசிக்கிறார்கள் பார்ப்போம்.

கலர் கண்ணாடி விஷயம்: கண்பயிற்சியும் நிறக் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009-லேயே கூட்டாக அறிக்கை விட்டுவிட்டன. நெறியாளர் #12-ஐக் கவனிக்கவும்.

#14 நெறியாளர்

#12 விளம்பரம். எழுதியவருக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. அடுத்து வந்த பதில் உபயோகமாக இருப்பதால் இரண்டையும் அழிக்காமல் விடுகிறேன்.

#15 செம்பருத்தி

கண், காது இரண்டும் சரி என்று சொல்லிவிட்டார்கள். சிலேட்டுப்பலகை அக்கா சொன்ன விளையாட்டுகளை விளையாடிப் பார்த்தோம். தக்காளியில் த-வை எடுத்தால் "தாளி" என்றான். பட்டம் என்று எழுதியதைப் "படம்" என்று வாசித்துவிட்டு, பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து "இல்ல, பட்டம்" என்று திருத்திக்கொண்டான். "மிடுபா"வை மடு என்று தொடங்கி அப்படியே நிறுத்திவிட்டான். ஒரு சின்னச் சிரிப்பு வேறு. என் வீட்டுக்காரருக்கும் அதே சொற்களைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை, "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது இரண்டு கேள்வி. சென்னைக்குத்தான் போக வேண்டுமா? இன்னொன்று, ஆங்கிலவழிக்கு மாற்றினால், அல்லது தமிழை விட்டுவிட்டால் சுமை குறையும் என்று அண்ணி சொல்கிறார். சரியா?

#16 சிங்கைவாசி

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். சிங்கப்பூரில் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். எங்கள் வட்டத்தில் சிலர் வாங்கினார்கள். ஆங்கிலச் சுமை அதனால் தீர்ந்துவிடவில்லை, ஏனென்றால் சிக்கல் மொழியில் இல்லை. பையன் வீட்டில் பேசுவது தமிழ் என்றால் ஒலி, சொல்வளம் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பை ஏற்ற முடியும். ஆங்கில எழுத்துக்கூட்டல் இதைவிடக் கொடுமை. ஆங்கிலவழிக்கு மாற்றாதீர்கள்.

#17 சிலேட்டுப்பலகை

சிங்கைவாசி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மொழித்தாள் விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கிடைக்கிற சலுகைகள். இப்போதே அதை யோசித்துப் பாடத்தைக் குறைக்க வேண்டாம். தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சென்னை கட்டாயமில்லை. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டு உதவும் இடங்கள்) உண்டு, பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும். கற்றல் குறைபாடும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். சென்னைப் பக்கம் வருவதாக இருந்தால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-லிருந்து இதற்காகவே நடக்கிறது, ஆசிரியர் பயிற்சியும் தருகிறார்கள்.

மதிப்பீட்டில் அறிவுத்திறன் சோதனை ஒன்று, வாசிப்பு, எழுத்து, கணக்கு தனித்தனியாக. இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், நல்லவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வார்கள். எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். தமிழ்வழிப் பையனை ஆங்கிலப் பத்தியை வாசிக்க வைத்து முடிவு எழுதினால் அந்த அறிக்கை செல்லாக்காசு. தனியார் அறிக்கை வேறு, அரசுச் சான்றிதழ் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். 2018 வழிகாட்டுதலில் சான்றிதழ் 8 வயது நிறைந்த பிறகுதான் என்று இருந்தது. உதவியைத் தொடங்கச் சான்றிதழ் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

டீச்சரிடம் சண்டை வேண்டாம். 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டறிந்து ஏற்றபடி சொல்லிக்கொடுப்பது பள்ளியின் கடமை என்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே எடுத்து வீச வேண்டாம். "இரண்டு பக்கம் எழுதுவதற்குப் பதில் ஐந்து சொல், வாயால் ஒலி பிரித்துச் சொல்லிவிட்டு எழுதட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் முன்னறிவிப்பில்லாமல் எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

#18 ஓய்வுபெற்றவன்

சொல்வதெழுதுதலில் மார்க் போடாமல், எந்த எழுத்து விட்டுப்போகிறது என்று மட்டும் ஓரத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள் அம்மா. ஒரு மாதத்தில் வரிசை தெரிந்துவிடும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தாலும் இதற்கு நேரம் ஆகாது.

#19 செம்பருத்தி

நன்றி ஐயா, நாளைக்கே கேட்கிறேன். மாவட்ட மருத்துவமனையில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டுகளை எடுத்து வரச் சொன்னார்கள். நல்ல நோட்டா, ரஃப் நோட்டா?

#20 சிலேட்டுப்பலகை

ரஃப் நோட்டு. நல்ல நோட்டில் பாதி நீங்கள் கைபிடித்து எழுத வைத்ததாக இருக்கும். சொல்வதெழுதுதல் நோட்டு, போன வருடத்து நோட்டு கிடைத்தால் அதையும். மதிப்பெண் பட்டியல், காது கண் சீட்டு. காலையில் நன்றாகச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள், அரசு மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியிருக்கும். முடிந்தால் அவன் அப்பாவையும் கூட்டிப்போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கட்டாயம் கேட்பார்கள்.